போகாத ஊருக்கு வழி கேட்கிறோம்

திருவண்ணாமலையில் ரமணாசிரம வாசலைத் தாண்டினால், செங்கம் சாலையில் இடப்பக்கம் பிரியும் சந்துகளில் ஒன்றில் ஒரு காலி மனை இருக்கிறது. விற்றவர் சென்னையில், வாங்கியவர் வெளிநாட்டில். தெருப் பையன்களுக்கு யோகம். மலை இருக்கிற பக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்த இரண்டு எல்லைக்கல்தான் கோல் கம்பம். எதிர்ப்பக்கம் இரண்டு குவியலாகச் செருப்புகள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம், பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை நடக்கும். ஒருநாள் முதுகுகளை எண்ணிப் பார்த்தேன். மூன்று மெஸ்ஸி, இரண்டு ரொனால்டோ, ஒரு நெய்மார். கோல்கீப்பர் மட்டும் பள்ளிக்கூடச் சட்டையில் நின்றான். இருப்பதிலேயே சின்னவன் அவன்தான். சின்னவனைக் கோலில் நிறுத்துவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

கார்த்திகை தீபத்துக்கு வந்து பிப்ரவரி கடைசியில் கிளம்பும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அறுபது தாண்டியவர். காலையில் ஆசிரம மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மாலையில் இந்த மனையோரம் டீ கிளாஸோடு நின்று, பையன்களைவிட அதிகமாகச் சத்தம் போடுவார். அன்றைக்கு அவர்தான் கேட்டார், இவர்களில் ஒருவனிடமும் இந்தியா சட்டை இல்லையா என்று. நான் அதை நெய்மாரிடம் தமிழில் கேட்டேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே திருப்பிக் கேட்டான்:

"இண்டியாவுக்கு ஃபுட்பால் டீம் இருக்கா சார்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பையனிடம் காட்ட முடியாத ரோஷத்தை பிரெஞ்சுக்காரரிடம் காட்டினேன். "1960 ரோம் ஒலிம்பிக்கில் உங்கள் நாட்டோடு நாங்கள் 1-1 டிரா செய்தோம், தெரியுமா?" அவர் சிரித்தார். பிறகு போனை எடுத்துத் தேடினார். புருவம் ஏறியது. உண்மைதான். பி.கே. பானர்ஜியின் கோலால் இந்தியா முன்னால் நின்றது, ஆட்டம் முடியும் தறுவாயில்தான் பிரான்ஸ் சமன் செய்தது. போனை பைக்குள் வைத்துக்கொண்டு, கிண்டல் துளியும் இல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். அப்படியென்றால் இதுவரை எத்தனை உலகக் கோப்பை ஆடியிருக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு தயார் பதில் உண்டு. 1950இல் வாய்ப்பு வந்தது, வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றார்கள், அதனால் போகவில்லை என்போம். டீக்கடையிலும் சொல்வோம், பொது அறிவுப் புத்தகத்திலும் அச்சடிப்போம். கேட்பவருக்குக் கொஞ்சம் பரிதாபம், சொல்பவருக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் அது உண்மையில்லை.

கதைக்குப் போகுமுன் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரம நிழலில் நின்று கால்பந்து பேசுவது அபசாரம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊரில் வந்து இறங்கிய பதினாறு வயது வேங்கடராமன் (பிறகு ரமணர் ஆனவன்), மதுரையில் பாடப் புத்தகத்தைவிடப் பந்தோடு அதிக சிநேகமாக இருந்த பையன். கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்று திரிந்ததை ரமணரின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவன் எந்தக் கட்சியில் சேர்கிறானோ அந்தக் கட்சி ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் 'தங்கக்கை' என்று பட்டம் வைத்திருந்தார்கள். காலால் ஆடும் ஆட்டத்தில் கெட்டிக்காரனுக்குக் கையில் தங்கம்! அந்தத் தங்கக்கை இந்த மலையடிவாரத்தில் 1950 ஏப்ரல் 14 அன்று அடங்கியது. அதற்குப் பிறகு சரியாக இரண்டு மாதம் பத்து நாளில் பிரேசிலில் உலகக் கோப்பை தொடங்கியது. இந்தியா ஆடியிருக்க வேண்டிய ஒரே உலகக் கோப்பை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் லண்டனில் இருந்து தொடங்க வேண்டும். 1948 ஜூலை 31, சுதந்திர இந்தியாவுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு மைதானத்தில் ஒலிம்பிக் ஆட்டம், எதிரில் பிரான்ஸ். நாகா மலையிலிருந்து வந்த தாலிமெரன் ஆவ் கேப்டன், மருத்துவம் படித்தவர். அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்கால். பாதத்தில் துணிக்கட்டு மட்டும். பிரான்ஸ் முதலில் அடித்தது. பிற்பாதியில் திருப்பி அடித்தவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் இந்தப் பெயருக்குச் சொந்தம். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? அன்றைக்கு இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தன, இரண்டுமே வீணாயின. கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் அடித்த கோலில் 2-1 தோல்வி. வெறுங்காலால் தோற்றோம் என்று சொல்ல இடமே இல்லை. பெனால்டியை அடிக்கத் தெரியாமல் தோற்றோம்.

1950 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றதும் ஆடிப் பெற்றதில்லை. தகுதிச் சுற்றில் எதிரே இருந்த ஆசிய நாடுகள் விலகிக்கொண்டதால் வாசல் தானாகத் திறந்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவேயோடு ஒரே பிரிவில் இடம். கப்பல் பயணம் நீளம், செலவு பெரிது. செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள பிரேசில் தரப்பு முன்வந்ததாகச் சொல்லப்படுகிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் வெளியே சொன்ன காரணங்கள், அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு அவகாசமின்மை. சம்மேளனம் நினைத்த காரணம் வேறு. ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை என்பது ஏதோ இன்னொரு கோப்பை. அந்த அணியின் கேப்டனாகப் போயிருக்க வேண்டிய சைலேன் மன்னா, பிற்காலத்தில் வெறுங்கால் கதையைச் சாக்கு என்றே ஒதுக்கினார். அவர் சொல்லாவிட்டாலும் கணக்கு இடிக்கிறது. இரண்டே ஆண்டு கழித்து, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இதே இந்தியர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். யாரும் தடுக்கவில்லை. குளிரும் யூகோஸ்லாவியாவும்தான் தடுத்தன. 10-1. அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

1950இல் போகாதது தப்பா? தப்புதான், ஆனால் மன்னிக்கக்கூடிய தப்பு என்பது என் கட்சி. அந்த முறை இடம் கிடைத்தும் போகாத நாடுகள் வேறும் உண்டு. உருகுவேயும் பொலிவியாவும் இரண்டே அணிகளாக ஒரு பிரிவை ஆடி முடித்தன. போர் முடிந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. உலகக் கோப்பை இன்றைக்குள்ள திருவிழாவாக அன்று வளரவில்லை. நான் குற்றம் சொல்வது அதற்கு அப்புறம் நடந்ததை. 1954க்கு அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1958இலிருந்து 1982 வரை ஏழு உலகக் கோப்பைகள். ஒன்றின் தகுதிச் சுற்றில்கூட இந்தியா ஆடவே இல்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்திய அணி முதன்முதலாகக் களமிறங்கி ஆடியது 1985இல். வெறுங்கால் கதையை நாம் முப்பத்தைந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தபோது, காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அதுவும் எந்தக் காலத்தில்! நாம் ஆசியாவில் பெரிய கை என்று மார்தட்டிக்கொள்ளும் அதே காலத்தில். 1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு, மேவாலால் கோலில் ஈரானை 1-0 வென்று தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 அடித்தோம், நெவில் டிசூசாவுக்கு ஹாட்ரிக். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு.

ஜகார்த்தா பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்திய அணியின் வரலாற்றில் பொய் கலக்காமலே காவியமாகச் சொல்லக்கூடிய ஒரே வாரம் அதுதான். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். புற்றுநோய் உடம்பில் முற்றியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்த்துக்கொள்ளாததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி பகிரங்கமாகக் கண்டித்தார். கோபம் அவரோடு நிற்கவில்லை. இந்தியத் தூதரகத்தின் மீது கூட்டம் பாய்ந்தது. இறுதி ஆட்டத்தில் ஒரு லட்சம் பேர் ஊளையிட்டார்கள். எதிரில் அதே தென் கொரியா. தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் பின்னால் நின்று பந்தைத் தலையால் முட்ட முடியாது. வேறு யாராக இருந்தாலும் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்கள நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அரையிறுதியிலேயே அந்த இடத்தில் ஜர்னைல் ஒரு கோல் போட்டிருந்தார், இறுதியில் ஒன்று. பி.கே. பானர்ஜி இன்னொன்று. 2-1, தங்கம். கோலில் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து நின்ற நெட்டை மனிதர் பீட்டர் தங்கராஜ். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி இரண்டு முறை டூரண்ட் கோப்பையை வென்ற காலத்தின் ஆள். அந்தத் தங்கப்பதக்க அணியில் அவரைத் தவிர அருமைநாயகம், எத்திராஜ் என்றும் பெயர்கள் உண்டு. பெயரை வாசித்தாலே காது தமிழ் கேட்கும். அடுத்த ஜூனில் ரஹீம் இறந்துபோனார்.

இப்போது உண்மை பேசுவோம். 1956 மெல்போர்னில் ஆடிய அணிகள் பதினொன்றே. முதல் சுற்றில் ஹங்கேரி வரவில்லை, நமக்கு இலவசமாக மேலே போக வழி கிடைத்தது. அரையிறுதிக்குப் போக நாம் ஜெயிக்க வேண்டியிருந்தது ஒரே ஆட்டம். 1951இல் ஆசியக் கால்பந்தில் ஆறு அணி. ஒலிம்பிக்கில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை என்பதால் பிரான்ஸ் போன்ற நாடுகள் அனுப்பியது இரண்டாம் தரம். என் பிரெஞ்சுக்காரரிடம் இதை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டேன், இங்கே ஒப்புக்கொள்கிறேன். பொற்காலம் பொய் என்று சொல்ல வரவில்லை. ஜகார்த்தா தங்கம் இருபத்து நாலு காரட்தான். ஆனால் சின்னக் கடைத்தெருவில் பெரிய கடை வைத்திருந்தவன், பட்டணத்துக் கடைவீதியை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும்?

அந்தக் கடைவீதிக்கு வடகொரியா போனது. 1966 உலகக் கோப்பைக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதி மூன்றுக்கும் சேர்த்து ஒரே இடம். அநியாயம் என்று ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாகப் புறக்கணித்தன. கடைசியில் மிஞ்சியது வடகொரியாவும் ஆஸ்திரேலியாவும். கம்போடியாவின் நாம்பென்னில் இரண்டு ஆட்டம். வடகொரியா ஜெயித்தது, இங்கிலாந்து போனது, இத்தாலியை 1-0 வீழ்த்தி உலகையே வாய் பிளக்க வைத்தது. ஆஸ்திரேலியாவை நாம் மெல்போர்னில் நாலு கோல் அடித்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. 1964 ஆசியக் கோப்பையில் நாம் இரண்டாமிடம். நாம்பென்னில் மூன்றாவது அணியாக நின்றிருந்தால் ஜெயித்திருப்போமா? சொல்ல முடியாது. ஆனால் நிற்கவே இல்லை.

தென் கொரியாவின் கதை இன்னும் உறைக்கும். 1954இல் முதல் உலகக் கோப்பைக்குப் போய் ஹங்கேரியிடம் 9-0, துருக்கியிடம் 7-0 வாங்கினார்கள். இரண்டு ஆட்டத்தில் பதினாறு கோல். நாம் ஹெல்சிங்கியில் வாங்கிய பத்தைவிட மோசமான அவமானம். எட்டு வருஷம் கழித்து ஜகார்த்தாவில் நம்மிடமும் தோற்றார்கள். தோற்றுத் தோற்று, தகுதிச் சுற்றில் விழுந்து விழுந்து, 1986இல் மறுபடி உள்ளே நுழைந்தார்கள். அதன்பின் ஒரு உலகக் கோப்பையைக்கூடத் தவறவிடவில்லை. 2002இல் அரையிறுதி. அவர்கள் திரும்பி நுழைந்த அதே தகுதிச் சுற்றில்தான் நாம் முதன்முதலாகக் களமிறங்கினோம்.

இதில் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட வாசனை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பள்ளி அணியில் நான் இடதுபுறத் தடுப்பாட்டக்காரன். வருஷம் முழுக்க பி.டி. சார் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார், பந்து பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். குறுவட்டப் போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால்தான் பந்து வெளியே வரும். போட்டி வேறொரு ஊர்ப் பள்ளியில். விடியற்காலை பஸ்ஸில் போனோம். பத்து மணிக்கு ஆட்டம், அரை மணி நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம், அவ்வளவுதான். நாக்-அவுட். தோற்ற அணிக்கு வேலை இல்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை வேப்ப மரத்தடியில் பதினொன்றரைக்கே தின்றுவிட்டு, மத்தியான பஸ் பிடித்துத் திரும்பினோம். அந்த வருஷத்துக்கு எங்கள் கால்பந்து முடிந்தது. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் யாரை விளையாட விட்டார்கள்? ஆக, என் மொத்தப் போட்டி வாழ்க்கை ஒரே ஆட்டம்.

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் ஏணி இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஜெயித்தவன் ஆடுவான், தோற்றவன் புளிச்சோறு. யாருக்கு அதிகம் ஆட்டம் தேவையோ அவனை முதலில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. ஐரோப்பாவில், ஜப்பானில், கொரியாவில் பத்து வயதுப் பிள்ளை லீக் ஆடுகிறது. இந்தச் சனிக்கிழமை தோற்றால் அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம். அங்கே தோல்வி என்பது வாரத்தில் ஒருநாள் நடக்கும் சங்கதி. இங்கே அது வருஷத்தின் முடிவு. 1952இல் பத்து கோல் வாங்கிய சம்மேளனமும் என் பி.டி. சாரும் ஒரே மனசுக்காரர்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பந்தை பீரோவில் வைத்துப் பூட்டுகிற மனசு.

ஆசியக் கோப்பைக் கணக்கைப் பாருங்கள். 1964க்கு அப்புறம் 1984. அங்கே ஒரு கோல்கூடப் போடாமல் ஒரு புள்ளியோடு திரும்பினோம். அப்புறம் 2011. அதற்கும், வளரும் அணிகளுக்கென்று வைத்த சாலஞ்ச் கோப்பையை 2008இல் டெல்லியில் ஜெயித்ததால் கிடைத்த குறுக்கு வழி. சுனில் சேத்ரியின் ஹாட்ரிக்கில் தஜிகிஸ்தானை 4-1 வென்றோம். கத்தாரில் போய் மூன்று ஆட்டத்தில் பதின்மூன்று கோல் வாங்கினோம். இருபது வருஷத்துக்கு ஒருமுறை, இருபத்தேழு வருஷத்துக்கு ஒருமுறை என்று பெரிய ஆட்டம் ஆடினால், ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல ஆள் இருக்காது. 2019இல்தான் மாற்றம் தெரிந்தது. தாய்லாந்தை 4-1 வென்றோம், ஆசியக் கோப்பையில் 55 வருஷத்துக்குப் பிறகு ஒரு வெற்றி. பஹ்ரைனோடு டிரா செய்தாலே அடுத்த சுற்று என்ற நிலையில், கூடுதல் நேரத்தில் கொடுத்த பெனால்டியில் போச்சு. 2024 ஜனவரியில் கத்தாரில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அதில் நம்மை 3-0 அடித்த உஸ்பெகிஸ்தான் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. அந்த நாடு ஃபிஃபாவில் சேர்ந்ததே 1994இல். நாம் 1948இல்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நாம் வாசல்வரை போன சந்தர்ப்பமும் உண்டு, அதைப் பேசுவாரில்லை. 2001. பெங்களூரில் ஐக்கிய அரபு அமீரகத்தை 1-0 வென்றோம். ஏமனில் போய் 3-3 டிரா. ஆறு ஆட்டத்தில் பதினோரு புள்ளி. அமீரகத்துக்குப் பன்னிரண்டு. ஒரே ஒரு புள்ளியில் அடுத்த சுற்று தவறியது. அன்றைக்கு நாம் எல்லோரும் எதைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக லக்ஷ்மண் 281 அடித்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது.

பேசுவது எதை என்றால், 2024 ஜூன் தோஹாவை. கத்தாருக்கு எதிராக 1-0 முன்னிலை. எழுபது நிமிடம் தாண்டி, கோட்டைக் கடந்து வெளியே போன பந்தைக் காலால் இழுத்து உள்ளே தள்ளி கோல் என்றார்கள். நடுவர் ஒத்துக்கொண்டார். வீடியோ உதவி இல்லை. 2-1 தோல்வி, தகுதிச் சுற்றில் வெளியே. அந்தப் பத்து விநாடி வீடியோ என் போனுக்கு எட்டு குரூப்பிலிருந்து வந்தது. அநியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்னால் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் சொந்த மண்ணில் 2-1 தோற்ற வீடியோ ஒரு குரூப்பிலிருந்தும் வரவில்லை. உள்நாட்டுப் போரில் சிதறிய நாடு, சொந்த ஊரில் ஒரு ஆட்டம் நடத்த வழியில்லாத அணி. அந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தால் தோஹாவில் நடுவர் எங்கே பார்த்தால் நமக்கென்ன? வெறுங்கால் கதைக்கு எழுபது வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்துவிட்டான். இனி நம் பேரன்கள் 'கோட்டுக்கு வெளியே போன பந்து' கதையைச் சொல்வார்கள்.

அதன்பின் வழுக்கல். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஹாங்காங்கிடம் தோல்வி, மட்காவில் சிங்கப்பூரிடம் தோல்வி, டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. 2025 நவம்பரில் தரவரிசை 142. அடுத்த மாதம் மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. பிரமுகர்கள் சூழ்ந்துகொண்டார்கள், சிறிது நேரத்தில் அவர் கிளம்பிவிட்டார். சால்ட் லேக் மைதானத்தில் நாற்காலிகள் பறந்தன. நான் அந்த ரசிகர்களைத் திட்ட மாட்டேன். அந்தக் கோபத்தில் பத்தில் ஒரு பங்கு டாக்கா தோல்விக்கு வந்திருந்தால் தேவலை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"140 கோடியில் பதினோரு பேர் கிடைக்கவில்லையா?" என்று கேட்பது நம் தேசிய வழக்கம். ஜனத்தொகை ஓடாது, பாஸ் கொடுக்காது. 2026 உலகக் கோப்பைக்குக் குராசோ தகுதி பெற்றது. ஒன்றரை லட்சம் சொச்சம் பேர் இருக்கும் கரீபியத் தீவு. கார்த்திகை தீபத்தன்று நம் கிரிவலப் பாதையில் ஒரு மூலையில் அவ்வளவு பேரை நிறுத்திவிடலாம். நெதர்லாந்தில் பிறந்து அங்கே லீக் ஆடி வளர்ந்த பிள்ளைகளை வைத்து அவர்கள் அணி கட்டினார்கள். இரட்டைக் குடியுரிமை இல்லாத நமக்கு அந்த வழி அடைத்திருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி இப்போது குரல் எழுகிறது. திறக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் லண்டனிலும் சிட்னியிலும் பிறந்தவன் எங்கே விளையாடக் கற்றான்? சனிக்கிழமை தோற்றால் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கும் ஊரில். கடன் வாங்கலாம், கடன் கொடுத்தவன் எப்படிச் சம்பாதித்தான் என்றும் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊர்கள் நம்மிடம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் தூத்தூரிலும் இரவிபுத்தன்துறையிலும் கோயில் திருவிழாபோல டோர்னமென்ட் நடக்கும். இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்த மணலில் வந்தவர். சென்னையில் வியாசர்பாடி இருக்கிறது. பெண்கள் பக்கம் திரும்பினால் இன்னும் கிட்டத்தில், விழுப்புரம் தாண்டினால் கடலூர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர்க்காரர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கட்டாக்கில் மணிப்பூரை 2-1 வென்று தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால் ஒரு காலத்து மும்பையை ரஞ்சியில் வெல்வது மாதிரி. அடுத்த ஆண்டு மதுரை சேது எஃப்.சி. தேசிய பெண்கள் லீக்கையே வென்றது. 2025 ஜூலை 5 அன்று இந்தியப் பெண்கள் சியாங்மாயில் தாய்லாந்தை அதன் மண்ணில் 2-1 வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். தகுதிச் சுற்றை ஆடி ஜெயித்து அங்கே போவது இந்தியப் பெண்களுக்கு அதுதான் முதல் முறை. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். ஆண்கள் அணி ஹாங்காங்கில் தோற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தியைத் தேடினேன். விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில், டயர் விளம்பரத்துக்கு மேலே இருந்தது.

2017இல் இந்தியாவில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தது நினைவிருக்கலாம். நாம் நடத்துகிறவர்கள் என்பதால் ஆட இடம் கிடைத்தது. கொலம்பியாவுக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில் ஜீக்சன் சிங் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். எந்த வயதுப் பிரிவிலும் உலகக் கோப்பையில் இந்தியா போட்ட முதல் கோல். மைதானமே எழுந்து நின்றது. பையன்கள் ஓடிப்போய் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கொலம்பியா பந்தை நடுவில் வைத்து ஆட்டத்தைத் தொடங்கி, அடுத்த நிமிடமே திருப்பி அடித்தது. எனக்கு அந்த இரண்டாவது கோல்தான் மனதில் நிற்கிறது. கோல் போட்ட பிறகு அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்பது கோல் போட்டுப் பழகினவனுக்குத்தான் தெரியும்.

பிரெஞ்சுக்காரர் பிப்ரவரியில் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அந்த நெய்மாருக்கு நீலச் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தார். இந்தியாவின் நீலம் என்று நினைத்து வாங்கினாராம், முதுகில் கோலி என்று எழுதியிருந்தது. பையன் அதையே போட்டுக்கொண்டு கால்பந்து ஆடுகிறான்.

நேற்றும் போயிருந்தேன். கத்திரி வெயில், ஆறு மணிக்கும் மண் சுட்டது. ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது கோலி சட்டைக்காரன் ஓங்கி ஒன்று விட்டான். பந்து மஞ்சள் கல்லுக்கு மேலாகப் பறந்து வேலிக்காத்தான் புதரில் விழுந்தது. "கோலு!" என்று ஒரு கட்சி கத்தியது. "அவுட்டு, கல்லு மேல போச்சு" என்று கோலில் நின்ற சின்னவன் காலைத் தரையில் உதைத்தான். ஒரு மெஸ்ஸியும் ஒரு ரொனால்டோவும் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். கல் இருக்கிறது, ஆனால் கல்லுக்கு மேலே கம்பம் எங்கே இருக்கிறது என்பது அவரவர் மனதைப் பொறுத்தது. ஐந்து நிமிடம் ஆட்டம் நின்றது. கடைசியில் சின்னவன் என் பக்கம் ஓடிவந்தான்.

"சார், நீங்க இங்கதான நின்னுட்டிருந்தீங்க. பாத்தீங்கல்ல? சொல்லுங்க சார், கோலா, அவுட்டா?"

நான் போனில் தோஹா வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.